காரணமில்லாத ராத்தங்கல்

சென்ற ஜூலை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிப் பையைக் கூடத்தில் போட்ட கையோடு, சனிக்கிழமை இரவு தன் தோழியின் வீட்டில் ஸ்லீப் ஓவர் என்றும், தன்னையும் இன்னும் இரண்டு பேரையும் அழைத்திருக்கிறார்கள் என்றும், ஆளுக்கொரு தலையணை எடுத்து வரவேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நாங்கள் இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். தோழியின் வீடு ரெட்டியார்பாளையத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு; ஸ்கூட்டரில் போனால் கால் மணி நேரம் ஆகாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஓவர்னா? காலையில எழுப்பறதுக்குள்ள உசிரு போவுது. இதுல ஓவரா வேற தூங்கப் போறாளா?"

நான் சிரித்தேன், மகள் கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஆனால் அம்மா கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. தமிழில் நாம் வழங்கும் 'ஓவர்' வேறு பிறவி எடுத்துவிட்ட சொல். "ரொம்ப ஓவர்", "ஓவரா பேசாதே" என்னும்போது அது மிகுதி. மட்டைப்பந்தில் அது ஆறு பந்து. "மேட்டர் ஓவர்" என்னும்போது அது முடிவு. இவற்றுள் எதைக் கொண்டு பொருத்திப் பார்த்தாலும் ஸ்லீப் ஓவர் என்பதற்கு மிகையான தூக்கம் என்றோ தூக்கம் முடிந்தது என்றோதான் பொருள் வரும். இரண்டாவது பொருள்தான் நடைமுறைக்கு நெருக்கமானது என்பதை அந்தச் சனிக்கிழமை இரவுக்குப் பிறகு நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் என்பதால், புதிய சொல் ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால் அதற்கு உட்கார இடம் போட்டு விசாரிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஆங்கிலத்தில் இதை வினையாக வழங்கும்போது இரண்டு சொற்களாகவும், நிகழ்ச்சியின் பெயராக வழங்கும்போது ஒரே சொல்லாகவும் எழுதுகிறார்கள். அதிலுள்ள 'ஓவர்' இரவைக் கடந்து மறுநாள் வரை என்ற கருத்தைத் தருவது. ஸ்டே ஓவர், ஸ்டாப் ஓவர் ஆகியவற்றில் இருப்பதும் அதுதான். அதே ஓவரைத் தூக்கிச் சொல்லுக்கு முன்னால் வைத்துவிட்டால் ஓவர்ஸ்லீப் என்று ஆகி, எழவேண்டிய நேரத்துக்கு எழாமல் தூங்கிப்போவதைக் குறிக்கும். அம்மா சொன்னது அந்தச் சொல்லைத்தான். வரிசை மட்டும் மாறிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு ஸ்லம்பர் பார்ட்டி என்று முந்தைய பெயர் ஒன்று உண்டு. பெரும்பாலும் சிறுமிகள் பலர் கூடும் இரவுக்கு அதை வழங்குவார்கள். ஸ்லீப் ஓவர் என்பதற்கு அத்தனை பேர் வேண்டியதில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் வீட்டில் தங்கினாலே போதும். வளர்ந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது இதே சொல், காதலர் வீட்டில் இரவைக் கழிப்பதை நாசூக்காகச் சுட்டுவதற்கும் பயன்படுகிறது. ஆகவே யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட முடியாது.

புதுச்சேரியில் எந்தச் சொல்லை ஆராய்ந்தாலும் பிரெஞ்சு ஒரு மூலையில் நின்று எட்டிப்பார்க்கும். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறுபவரை இந்த ஊரில் சொல்தா என்போம். விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பேத்தியிடம் கேட்டபோது, அங்கே இதற்குச் சுவாரே பிஜாமா, அதாவது பைஜாமா மாலை என்று பெயர் என்றாள். ஆங்கிலேயர் தூக்கத்தைப் பெயராக வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர் தூங்கும்போது உடுத்தும் உடுப்பைப் பெயராக வைத்தார்கள். பைஜாமா என்பதே இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சொல். பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. (நம்முடைய பாய் வேறு. ஆனாலும் பாயும் ஜாமாவும் சேர்ந்து தூங்கப் போகிறது என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருவதை நிறுத்த முடியவில்லை.) வீட்டுக்கு வெளியே இரவைக் கழிப்பதற்குப் பிரெஞ்சில் தெகூஷே என்று தனி வினையே இருக்கிறது, ஆனால் அது குழந்தைக்கு ஆகாது, கணவனோ மனைவியோ வீடு திரும்பவில்லை என்று முகம் சுளிக்கும்போது வருவது என்று அந்தப் பெண்ணின் பாட்டி இடைமறித்துச் சொன்னார்.

அண்மைக்காலத்தில் அமெரிக்கப் பெற்றோர் ஸ்லீப் அண்டர் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரவு உடையோடு தோழர் வீட்டுக்குப் போவார்கள், படம் பார்ப்பார்கள், தின்பார்கள். தூங்கும் நேரம் வந்ததும் பெற்றோர் வந்து அவரவர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தூக்கம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் உண்டு. பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தச் சொல் ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

இதே சொல்லுக்குக் கூலியோடு தொடர்புடைய பொருள் ஒன்றும் உண்டு என்பது எனக்கு மெல்பர்னில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையால் தெரியவந்தது. மாற்றுத்திறனாளிகள் வாழும் இல்லம் ஒன்றில் அவள் பராமரிப்புப் பணி செய்கிறாள். "அக்கா, இன்னிக்கு எனக்கு ஸ்லீப் ஓவர்" என்று அவள் சொன்னபோது, நாற்பது வயதில் என்ன தோழி வீடு என்று கேட்டுவிட்டேன். ஆஸ்திரேலியாவில் சமூகப் பராமரிப்புத் துறை ஊழியருக்கான ஊதிய ஆணையில் ஸ்லீப் ஓவர் என்பது வரையறுக்கப்பட்ட ஒரு பணிமுறை. ஊழியர் தம் பொறுப்பிலுள்ளவர் இருக்கும் இடத்திலேயே தொடர்ச்சியாக 8 மணி நேரம் இரவு தங்கவேண்டும். அவருக்குத் தனி அறையும் படுக்கையும் தரவேண்டும். அந்த இரவுக்கு மணிக்கணக்கு இல்லாமல் ஒரு படித்தொகை உண்டு. இடையில் எழுப்பி வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு மிகைநேர ஊதியம், அதுவும் குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு. பிரிட்டனில் இதை ஸ்லீப் இன் என்கிறார்கள். அப்படித் தூங்கும் நேரம் முழுவதற்கும் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டுமா என்ற வழக்கு அங்கே உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 மார்ச்சில், வேலைக்காக விழித்திருக்கும் நேரத்தை மட்டுமே கணக்கில் கொள்ளவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. என் தங்கை தன் அனுபவத்தை ஒரே வரியில் சொன்னாள்: "தூங்கறதுக்குத்தான் காசு, ஆனா காது மட்டும் தூங்கக் கூடாது." நோயாளிகளுக்குத் துணையாக ஜிப்மர் வளாகத்தில் இரவெல்லாம் துண்டு விரித்துப் படுத்துக் கிடக்கும் நம் ஊர்ப் பெண்களின் உறக்கமும் அந்த வகைதான். அதற்குப் படியும் கிடையாது, பெயரும் கிடையாது.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். சொல்லின் பொருளை விளக்கியதும் அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார்: "என்ன விசேஷம்? அந்தப் பொண்ணுக்குப் பொறந்தநாளா?" விசேஷம் ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றேன். "சும்மாவா?" என்றார். அவருடைய வியப்பு முழுவதும் அந்தச் சும்மாவில்தான் இருந்தது.

நான் அதைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறர் வீட்டில் இரவு தங்குவதற்குத் தமிழில் சொல்லில்லை என்று சிலர் சொல்வார்கள், அது சரியன்று. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் ராத்தங்கல் என்று சாதாரணமாகச் சொல்வோம். "ராத்தங்காதே, விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடு" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். இன்னும் பழைய தமிழுக்குப் போனால் அல்குதல் என்ற வினை இருக்கிறது. அதற்குத் தங்குதல் என்று பொருள். அதனோடு உறவுடைய அல்கல் என்ற சொல் இரவையும் குறிக்கும், தங்குதலையும் குறிக்கும். இரவு என்றாலே ஓரிடத்தில் தங்குவது என்று எண்ணிய மக்களின் சொல் அது. சேக்கை என்றால் மனிதருக்குப் படுக்கை, பறவைக்குக் கூடு. சொல்வளம் நமக்குக் குறைவில்லை.

வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, ஆங்கிலம் தூக்கத்தைச் சொல்லிவிட்டுத் தங்குவதை உணர்த்துகிறது. நாம் தங்குவதைச் சொல்லிவிட்டுத் தூக்கத்தைச் சொல்லாமல் விடுகிறோம். 'அவர் வீட்டில் தூங்கினேன்' என்பதைவிட 'அவர் வீட்டில் தங்கினேன்' என்பதே நம் வாயில் இயல்பாக வருகிறது. படுத்தேன் என்றால் பொருள் வேறு பக்கம் வழுக்கிவிடும் என்று பெரியவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். தூங்கு என்ற வினையின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அது தொங்குதலையும் ஊசலாடி அசைதலையும் குறித்தது. தூக்கணாங்குருவியின் பெயரில் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தில் உள்ள சிவன் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். கருவறை விமானத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். யானை தூங்குகிறது என்று ஊரார் சொல்வார்கள். எனக்கோ அது தூங்காமல் நின்றபடி அசைந்துகொண்டிருப்பதாகவே எப்போதும் தோன்றும். பொருளிலிருந்து விலகிவிட்டேன், ஆனால் ஸ்லீப் ஓவரில் பிள்ளைகள் செய்வதும் அந்தப் பழைய தூக்கம்தான்.

இரண்டாவது வேறுபாடுதான் அம்மா சுட்டிக்காட்டியது. நம்மிடம் இரவுத் தங்கல்களுக்கு நிறையப் பெயர்கள் உண்டு, ஆனால் அவை யாவும் காரணத்தின் பெயர்கள். கலியாணமான பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து தங்கினால் அது மறுவீடு. முதல் தீபாவளிக்கு வந்து தங்கினால் தலைதீபாவளி. ஆடிக்கு அழைத்துக்கொண்டு வருவது ஒன்று, பேறுகாலத்துக்குக் கொண்டுவந்து விடுவது ஒன்று. தைப்பூசத்தன்று சோதி பார்க்க வடலூர் பெருவெளியில் துணி விரித்துப் படுக்கும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோதி காரணம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் கடலாட வரும் சாமிகளோடு சேர்ந்து வந்து, உறவினர் வீட்டுக் கூடத்தை நிறைத்துவிடும் கூட்டத்துக்கு மகம் காரணம். ஆடியில் வீராம்பட்டினத்துத் தேர் முடியும் வரை அந்த ஊரில் உறவு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இந்த இரவுகளில் தங்குவது விசேஷத்தின் வால். விசேஷம் முடிந்தால் மூட்டை கட்டவேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று வரம்பும் கட்டியிருக்கிறோம். ஸ்லீப் ஓவரில் தங்குவதுதான் விசேஷம். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. அதனால்தான் "என்ன விசேஷம்" என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில், "இதெல்லாம் நமக்கு என்ன புதுசா? கோடை விடுமுறை முழுக்க நாம் பெரியம்மா வீட்டில் கிடக்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உறவினர் குழுவில் ஒரு சித்தப்பா இதைத்தான் எழுதினார். நானும் கிடந்திருக்கிறேன். பண்ருட்டியில் பெரியம்மா வீட்டு முற்றத்தில் பதினொரு பிள்ளைகள் கோரைப்பாயில் வரிசையாகப் படுத்திருப்போம். பலாச்சுளை தின்ற வாசனை விரல்களில் ஒட்டியிருக்கும்; ஓரத்தில் படுப்பவனைப் பேய் பிடித்துக்கொண்டு போகும் என்பதால் நடுவிடத்துக்குச் சண்டை நடக்கும்; நள்ளிரவில் யாரோ ஒருவன் தூக்கத்தில் பேச, மற்றவர்கள் அவனோடு உரையாட முயல்வோம். அவை என் வாழ்வின் மிக நல்ல இரவுகள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் சித்தப்பா சொன்னதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். அந்தப் பதினொரு பேரும் ஒரே கொடிவழி. உறவில்லாத ஒரு பிள்ளை அந்த வரிசையில் ஒரு நாளும் படுத்ததில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகரில். அங்கே இருப்பவர்கள் ஓல்ட் டவுன் என்பதைச் சுருக்கி ஓ.டி. என்றுதான் சொல்வார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், உப்பனாற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு மீனவர் குப்பத்திலிருந்து படகில் வந்து படித்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. காற்றின் வாசனையை வைத்து மழை வருமா வராதா என்று சொல்லிவிடுவாள். பள்ளி விட்டபின் எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் என்னோடு வீட்டுப்பாடம் எழுதிவிட்டு, இருட்டுவதற்குள் படகுக்கு ஓடுவாள். பாட்டி அவளுக்கு முறுக்கு கொடுப்பார், தலை வாரிவிடக்கூடச் செய்வார். ஐப்பசியில் ஒருநாள் பெருமழை பிடித்துக்கொண்டு, படகை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. திண்ணையில் சாரல் அடித்தது. அவள் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சற்று நேரம் உள்ளே பாட்டியோடு பேசிவிட்டு வந்து, துறைமுகத்தின் அருகில் இருந்த அவளுடைய மாமா வீட்டுக்குக் குடை பிடித்து அழைத்துக்கொண்டு போனார். அப்பாவின் அக்கறையில் குறை சொல்லமுடியாது. அந்த மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் அவளை ஒப்படைத்துவிட்டு, நனைந்து திரும்பி வந்தார்.

ஆனால் எங்கள் கூடத்தில் இடம் இருந்தது. பாய் இருந்தது. 'இங்கேயே தங்கட்டும்' என்று யாரும் சொல்லவில்லை. 'இங்கே தங்கக் கூடாது' என்றும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பகலெல்லாம் திறந்திருந்த வீடு இரவில் இன்னாருக்கு என்று மூடிக்கொள்ளும் என்பது எங்கள் எல்லோருக்கும், அவளுக்கும், சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. கேட்பதற்கு ஒரு சொல் இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ. 'ராத்தங்கட்டுமா' என்று கேட்கலாம்தான். ஆனால் அந்தச் சொல்லோடு காரணமும் உறவும் ஒட்டிக்கொண்டே வரும். "எதுக்கு? அவ நமக்கு என்ன ஆவணும்?" என்ற எதிர்க்கேள்விக்குப் பதின்மூன்று வயதில் என்னிடம் விடை இருந்திருக்காது. தோழி என்பது ஓர் உறவுமுறையாக எங்கள் வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, அதே வீட்டில் வேறு காட்சி ஒன்றைக் கண்டேன். தெருவில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் திறந்து கிடந்தன. எங்களுடையது தளம் போட்ட வீடு. அன்றிரவு கூடத்தில் பதினான்கு பேர் படுத்தார்கள். அவர்களில் மூன்று பேரின் பெயரே எங்களுக்குத் தெரியாது. மின்சாரம் பல நாள் வரவில்லை. மாவட்டத்தின் உட்கிராமங்களில் வாரக்கணக்கில் வரவில்லை. தலையணை போதாமல் அம்மா பழைய சேலைகளைச் சுருட்டி உறை போட்டார். யாரும் யாரையும் என்ன ஆவணும் என்று கேட்கவில்லை. அப்போது நான் மிகவும் நெகிழ்ந்து போனேன். பிறகு யோசித்தபோது, அங்கேயும் காரணம் இருந்தது, புயல் என்ற பெரிய காரணம் இருந்தது என்பது புரிந்தது. ஓடு மாற்றியதும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். மறுபடி அந்தக் கூடத்தில் வந்து படுத்தவர் எவரும் இல்லை.

இத்தனையும் மனத்தில் ஓடியதால்தான், மகள் வெகு சாதாரணமாக 'ஸ்லீப் ஓவர்' என்று சொன்னபோது அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு மரியாதை பிறந்தது. அது கடன்சொல்தான், பணக்கார வாடை அடிப்பதுதான். நகரத்தின் சில வீடுகளில் அது கூடாரம், பலூன், ஒரே நிறத்தில் இரவு உடை என்று ஒரு செலவாகவே மாறிவிட்டதையும் பார்க்கிறேன்; அதில் எனக்கு எந்த மோகமும் இல்லை. ஆனால் அது கேட்கக்கூடிய சொல். கேட்டால் சரி என்றோ வேண்டாம் என்றோ வாய்விட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். திண்ணையிலிருந்து குடைபிடித்து அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்க அது இடங்கொடுப்பதில்லை.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. பெண் பிள்ளையைப் பிறர் வீட்டில் இரவு விடுவது என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றில் ஒரு பிடி விழும், எனக்கும் விழுந்தது. உறவு வீடு என்றால் பத்திரம், வேற்றார் வீடு என்றால் ஆபத்து என்று அம்மா சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று அந்தத் தெரிந்தவர்களுக்குள் உறவுமுறைகளும் அடங்கும். பண்ருட்டி முற்றத்தில் பதினொரு பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய எங்கள் பெற்றோர் எந்தக் கேள்வியையும் எவரிடமும் கேட்டதில்லை. எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது நல்லூழ்.

ஆகவே தோழியின் தாயைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். வீட்டில் அன்றிரவு யார் யார் இருப்பார்கள், பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள், நள்ளிரவில் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் தயங்காமல் எனக்குச் சொல்வீர்களா என்றெல்லாம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் சற்றும் வருந்தாமல், "நீங்க கேட்டது நல்லதாப் போச்சுக்கா, மத்த ரெண்டு பேரும் கேக்கவேயில்ல" என்றார். பிறகு அவர் கேட்டார்: பிள்ளை என்ன சாப்பிடுவாள், இரவில் விளக்கு வேண்டுமா, படுக்கையை நனைப்பாளா. நானும் கூச்சத்தை விட்டுச் சொன்னேன். ஒரு கால் மணி நேரத்தில் நாங்கள் இருவரும், இரண்டு ஆண்டுகளாகப் பள்ளி வாசலில் தலையசைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் வீட்டின் இரவை மற்றவருக்குத் திறந்து காட்டியிருந்தோம்.

சனிக்கிழமை மாலை மகள் தலையணை, பல் துலக்கி, மாற்றுடை, பாதி படித்த கதைப்புத்தகம் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். அம்மா ஒரு டப்பாவில் கேழ்வரகு அடை வைத்துக் கொடுத்தார். வெறுங்கையோடு ராத்தங்கப் போகக்கூடாதாம். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

இடம் மாறினால் முதல் நாள் தூக்கம் வராது என்பது பாட்டிகளுக்குத் தெரிந்த செய்தி. உறக்க ஆய்வாளர்கள் அதற்கு முதல் இரவு விளைவு என்று பெயர் வைத்து 1960களிலிருந்து எழுதிவருகிறார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புதிய இடத்தில் உறங்கும் முதல் இரவில் மூளையின் இடப் பாதியின் ஒரு பகுதி வலப் பாதியளவுக்கு ஆழ்ந்து உறங்காமல், அந்நிய ஒலிகளுக்குக் காவல் இருப்பதுபோல் விழிப்போடு இருப்பதைக் கண்டார்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் உறங்கியபோது அந்த வேறுபாடு இல்லை. புதிய இடத்துக்குப் போன மகளின் மூளை விழித்திருப்பதற்கு அறிவியல் காரணம் கிடைத்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளாக அதே கட்டிலில் படுக்கிற என் மூளைக்கு என்ன வந்தது என்று அந்த ஆய்வில் இல்லை.

ஒன்றேகால் மணிக்குக் கைபேசி ஒளிர்ந்தது. "அக்கா, நாலு பேரும் இன்னும் தூங்கல. அடையைப் பங்கு போட்டுச் சாப்பிடறாங்க" என்று ஒரு வரி. கூடத்தில் படுத்திருந்த அம்மாவின் குரல் இருட்டில் வந்தது.

"புள்ள தூங்கிட்டாளாமா?"

"இன்னும் இல்லயாம்மா. யாருமே தூங்கலயாம்."

சிறிது நேரம் பேச்சில்லை. பாய் சரசரத்தது; அம்மா புரண்டு படுத்தார்.

"அப்புறம் எதுக்குடி அதுக்குத் தூக்கம்னு பேரு வச்சானுவ?"